மலைப் பாப்பிகளைக் கடலோர வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமயமலையின் நீலப் பாப்பியைக் கைபேசிப் படத்தில் பார்த்துவிட்டு, அது நம் மாடியிலும் வருமா என்று கேட்பவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆண்டுதோறும் கூடிவருகிறார்கள். அவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளையும், இந்தக் கரையோரத் தட்பவெப்பத்தை மனத்தில் கொண்டு எழுதிய விடைகளையும் கீழே காணலாம்.

மலைப் பாப்பி என்று எந்தெந்தச் செடிகளைச் சொல்கிறோம்?

ஒரே இனத்தை அல்ல. முதலாவது, இமயமலைப் பாப்பி எனப்படும் மெக்கொனோப்சிஸ். உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கிலும் ஹேம்குண்ட் செல்லும் வழியிலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பாறை இடுக்குகளில் நீல நிறத்தில் பூப்பது இதன் ஓர் இனமாகும். பூட்டானின் தேசிய மலரும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. இரண்டாவது, ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புக்கல் சரிவுகளில், சரளைக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்கு மேல் வளராத ஆல்ப்ஸ் பாப்பி. மூன்றாவது, ஐஸ்லாந்து பாப்பி. பெயர் எப்படியிருந்தாலும் இதன் தாயகம் சைபீரியா, மங்கோலியா போன்ற வட ஆசியக் குளிர் நிலங்கள்தாம். விதைக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது இந்த மூன்றாவது மட்டுமே.

கடலூரிலோ புதுச்சேரியிலோ இவை வளருமா?

முதல் இரண்டும் வளரா. மூன்றாவதைச் சில வாரங்கள் பூக்க வைக்கலாம். ஆண்டு முழுவதும் காப்பாற்ற இயலாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது பணத்தையும் ஏமாற்றத்தையும் மிச்சப்படுத்தும்.

நம் ஊர்ப் பகல் வெயில்தான் இவற்றைக் கொல்கிறது என்று பலர் நினைத்து, நிழல்வலையை இரண்டடுக்காகக் கட்டுகிறார்கள். உண்மையான தடை இரவில் இருக்கிறது. மலைப் பாப்பிகள் பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவின் குளிரில் மிகக் குறைவாகச் செலவிட்டு, மிச்சத்தைக் கொண்டு வேரும் மொட்டும் கட்டும் இயல்புடையவை. ஐஸ்லாந்து பாப்பி நன்கு செழிக்க இரவில் 10 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். நம் கரையிலோ, கடல் அருகில் இருப்பதால், மார்கழி, தை மாதங்களில்கூட இரவு வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. வெப்பமான இரவில் செடியின் சுவாசம் வேகமெடுத்து, சேர்த்ததையெல்லாம் எரித்துவிடுகிறது. தண்டு நீண்டு மெலிந்து, மொட்டு சிறுத்து, ஒரு நாள் காலையில் செடி வேரோடு தளர்ந்து சாய்ந்திருக்கும். அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவதுதான் வழக்கமாக நடப்பது. அழுகல் நோய்க்கு அதைவிட நல்ல விருந்து இல்லை.

எனவே இந்தப் பக்கத்தின் அறிவுரை இதுதான்: மலையிலேயே பிறந்த இனங்களை விட்டுவிட்டு, அவற்றின் சமவெளி உறவினர்களைத் தேர்ந்தெடுத்து, மார்கழி முதல் பங்குனி வரை மட்டும் வாழும் ஒரு பருவச் செடியாக அவற்றை நடத்துங்கள்.

நீலப் பாப்பியை ஏ.சி. அறையில் வைத்து வளர்க்க முடியாதா?

முடியாது என்றே கொள்ளலாம். அதற்குக் குளிர் மட்டும் போதாது. ஈரமான காற்று, நல்ல வெளிச்சம், எப்போதும் ஈரமாக இருந்தும் தேங்காத மண் ஆகிய அனைத்தும் ஒருங்கே வேண்டும். ஏ.சி. காற்றோ ஈரத்தை உறிஞ்சிவிடும். விதையிலிருந்து பூவுக்கு வரப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். பல இனங்கள் ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்தவுடன் மடிந்துவிடும். திபெத்தில் 1924இல் பிரிட்டிஷ் தாவரச் சேகரிப்பாளர் கிங்டன் வார்டு சேகரித்து அனுப்பிய விதைகளால்தான் இச்செடி பிரிட்டிஷ் தோட்டங்களில் பரவியது. அங்கேயும் ஸ்காட்லாந்தின் குளிர்ந்த தோட்டங்களில் செழிக்கும் இது, இங்கிலாந்தின் வறண்ட தென்பகுதியில் திணறுகிறது. மின்கட்டணத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு முறை உத்தராகண்டுக்குப் போய் நேரிலேயே பார்த்துவிட்டு வரலாம்.

அப்படியானால் எந்த வகையை வாங்குவது?

முதல் தேர்வு ஷெர்லி பாப்பி. ஐரோப்பிய வயல்களில் களையாக முளைக்கும் சிவப்புப் பாப்பியிலிருந்து, லண்டனை அடுத்த ஷெர்லி என்னும் ஊரின் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ் 1880 முதல் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வகை இது. வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று பல நிறங்களில் வரும். விதைத்து இரண்டரை மாதம் அளவில் பூத்துவிடுவதால் நம் குறுகிய குளிர்காலத்துக்குள் அடங்குகிறது.

இரண்டாவது, கலிபோர்னியா பாப்பி. இது வேறு பேரினம். ஆனால் குடும்பம் ஒன்றே. 1903இல் கலிபோர்னியாவின் மாநில மலராக அறிவிக்கப்பட்டது. வறட்சியையும் மணற்பாங்கான மண்ணையும் நன்கு தாங்குவதால் தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரைப் பகுதிகளுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கலாம். மேகமூட்டமான நாளில் இதழ்களைச் சுருட்டி மூடிக்கொள்ளும்; செடிக்கு நோய் என்று அஞ்ச வேண்டாம்.

ஐஸ்லாந்து பாப்பிதான் வேண்டும் என்பவர்கள் விதையாக வாங்காமல், ஓசூர், பெங்களூரு, உதகை போன்ற குளிர்ந்த இடங்களில் வளர்த்த நாற்றாக டிசம்பர் நடுவில் வாங்கித் தொட்டியில் வைப்பதே பயன்தரும். விதையிலிருந்து பூக்க அது எடுத்துக்கொள்ளும் காலம் நீண்டது. டிசம்பரில் இங்கே விதைத்தால், மொட்டு வரும் நேரத்தில் பங்குனி வெயில் வந்துவிடும்.

சமையலறைக் கசகசாவைத் தூவினால் பாப்பி முளைக்குமா?

புதிய விதையாக இருந்தால் முளைக்கக்கூடும்; ஆனால் தூவவே கூடாது. குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா, அபினிச் செடியின் விதை. விதையை வாங்குவதும் சமைப்பதும் குற்றமல்ல. அந்தச் செடியை உரிமம் இல்லாமல் வளர்ப்பது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டப்படி குற்றம். பத்து ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் குறித்த சில பகுதிகளில் மட்டும், குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய போதைப்பொருள் பணியகத்தின் உரிமத்தோடு இது பயிராகிறது. அழகுக்குத்தான் வைத்தேன், நான்கே செடிதான் என்பது சட்டத்தின் முன் வாதமாகாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு விதைத் தளங்களில் பியோனி பாப்பி என்றும் ரொட்டி விதைப் பாப்பி என்றும் அழகிய அடுக்கு மலர்ப் படத்தோடு விற்கப்படுபவை அதே அபினிச் செடியின் வகைகளே. பொட்டலத்தில் தாவரப் பெயராகப் பப்பாவெர் சோம்னிஃபெரம் என்றிருந்தால் வாங்காதீர்கள். அது தவிர, வெளிநாட்டிலிருந்து எந்த விதையை அஞ்சலில் தருவிப்பதானாலும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி சான்றிதழும் அனுமதியும் தேவை.

பெயரில்லாத "பாப்பி கலவை" ஏற்கெனவே முளைத்துவிட்டதா? இலையைப் பாருங்கள். ஷெர்லி பாப்பியின் இலை ஆழமாக வெட்டுண்டு, தண்டு முழுக்க முரட்டு மயிர்கள் அடர்ந்திருக்கும். ஐஸ்லாந்து பாப்பியின் இலைகள் அனைத்தும் தரையோடு தரையாக வட்டமாக அமைந்து, பூக்காம்பு இலையின்றி மேலெழும். கலிபோர்னியா பாப்பியின் இலை கேரட் இலையைப் போல் நுண்ணியதாகப் பிரிந்திருக்கும். அபினிச் செடியோ முட்டைக்கோஸ் இலைபோல் சாம்பல் பூத்த நீலப்பச்சை நிறத்தில், வழவழப்பாக, காம்பில்லாமல் தண்டைத் தழுவி நிற்கும் இலைகளைக் கொண்டது. அத்தகைய செடியைக் கண்டால் பூக்கும்வரை காத்திராமல் பிடுங்கிவிடுவதே நல்லது.

எந்த மாதத்தில் விதைக்க வேண்டும்?

டிசம்பர் முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையில். வட இந்திய நாட்காட்டிகள் அக்டோபர் என்று சொல்வது அவர்கள் ஊருக்குப் பொருந்தும். நமக்கு அக்டோபரும் நவம்பரும் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கடுகில் பாதிகூட இல்லாத விதைகளை அதற்கு முன்பே திறந்த வெளியில் தூவியிருந்தால், தொட்டியில் மண்ணே மிஞ்சியிருக்காது. டிசம்பரிலும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதற்கு 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் சாட்சி. எனவே முதல் மூன்று வாரங்கள் தொட்டியைத் தூக்கி உள்ளே வைக்கக்கூடிய அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மண், எந்தத் தொட்டி?

ஆல்ப்ஸ் சரிவின் சரளையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: நீர் நிற்காமல் ஓட வேண்டும், வேர் ஆழமாக இறங்க வேண்டும். கேப்பர் மலை, கோரிமேடு, காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, பெருமணல் இரண்டு பங்கு, நன்கு மட்கிய இலை உரம் ஒரு பங்கு என்பது நம்பத்தக்க கலவை. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் மாவுத் தூளை நீரில் அலசி வெளியேற்றாவிட்டால் அது காய்ந்தபின் சிமென்ட்போல் இறுகிவிடும். மாடித் தோட்டக்காரர்கள் எதற்கெடுத்தாலும் சேர்க்கும் தென்னைநார்த் தூளை இதற்குத் தவிர்ப்பது நல்லது; அது நீரை நெடுநேரம் பிடித்து வைப்பதோடு, சரியாக அலசாத கட்டிகளில் உப்பும் இருக்கும்.

தொட்டி ஓர் அடியாவது ஆழம் இருக்க வேண்டும், பாப்பிக்கு ஆணிவேர். பிளாஸ்டிக் தொட்டியைவிட மண் தொட்டி பல மடங்கு மேல், ஏனெனில் அதன் சுவர் வழியே நீர் ஆவியாகி வேர்ப்பகுதியைக் குளிர்விக்கிறது. மண்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற வில்லியனூர் பக்கத்திலேயே இருக்கும்போது கறுப்பு பிளாஸ்டிக் பையில் மலைச் செடியை வேகவைப்பானேன்?

விதைப்பது எப்படி?

விதையைச் சிறிது ஈர மணலோடு கலந்து, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து முதல் பதினான்கு நாட்கள் வையுங்கள். உறைபனிப் பெட்டியில் வைக்கக் கூடாது. ஷெர்லி பாப்பிக்கு இது கட்டாயமன்று. ஆனால் நம் வெதுவெதுப்பான டிசம்பரில் முளைப்பு ஒரே சீராக அமைய இது உதவுகிறது.

தொட்டி மண்ணை முதல் நாளே நன்றாக நனைத்து, மேற்பரப்பைக் கையால் தட்டிச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். டப்பாவில் உள்ள கலவையோடு மேலும் ஒரு கைப்பிடி உலர்ந்த மணலைச் சேர்த்து, கோலப்பொடி தூவுவதுபோல் விரலிடுக்கில் பரவலாக விடுங்கள். மண்ணால் மூட வேண்டாம். விதைக்கு வெளிச்சம் வேண்டும். ஒரு சிறு பலகையால் மெல்ல அழுத்தினால் விதை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பூவாளியால் மேலே ஊற்றினால் விதைகள் எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே தொட்டியை நீருள்ள தாம்பாளத்தில் வைத்து, மேற்பரப்பு கறுத்து ஈரம் காட்டும்வரை அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, பின் எடுத்து வடியவிடுங்கள்.

அடுத்த எதிரி எறும்பு. விதைத்த இரவிலேயே சிற்றெறும்புகள் வரிசை கட்டி, ஒரு விதைகூட விடாமல் சுமந்து சென்றுவிடும். முளைக்கவில்லை என்று விதைக் கடைக்காரர்மேல் பழி விழுவது பெரும்பாலும் இதனால்தான். தொட்டியை மூன்று செங்கல் துண்டுகளின் மேல் ஏற்றி, அந்தத் துண்டுகள் நீருள்ள தட்டில் நிற்கும்படி வைத்தால் தீர்ந்தது. பத்து முதல் பதினைந்து நாட்களில் நூல்போன்ற முளைகள் தெரியும். நான்கு இலை வந்ததும் ஒரு சாணுக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். மிகுதியைப் பிடுங்காமல் சிறு கத்தரிக்கோலால் நறுக்கினால் பக்கத்து வேர் அசையாது.

நாற்றை எடுத்து வேறிடத்தில் நடலாமா?

ஆணிவேர் அறுந்தால் பிழைக்காது. இடம் மாற்றியே தீர வேண்டுமானால் செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த கோப்பைகளில் விதைத்து, கோப்பையோடு சேர்த்து நடுங்கள்.

எவ்வளவு தண்ணீர்? ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றலாமா?

விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றிய நீர், வெப்பமான இரவில் வேரைச் சுற்றி நிற்கும். அழுகல் பூஞ்சை விரும்புவது அதைத்தான்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை ஊற்றவே கூடாது. வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் நீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. கடலோரத் தெருக்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரே உவர்ப்பாக இருப்பதுண்டு. இலை நுனி காய்ந்து பழுப்பேறுவதும், தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படலம் கட்டுவதும் உப்பின் அடையாளங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பீப்பாயில் பிடித்து, கொசு புகாமல் துணிகட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செடிகளின் பருவம் முழுவதற்குமே அது ஏறக்குறைய போதும்.

வீட்டின் எந்தப் பக்கத்தில் வைப்பது?

கிழக்குப் பார்த்த இடமே சிறந்தது. காலை வெயில் பதினொரு மணி வரை முழுதாகப் பட்டு, பிறகு நிழல் விழ வேண்டும். மொட்டை மாடித் தளம் பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை இரவு நெடுநேரம்வரை வெளிவிடுகிறது என்பதால், தொட்டியை நேரே தளத்தில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் ஏற்றுங்கள். இட வசதி இருந்தால், மாடியைவிட வீட்டுக் கொல்லைப்புறத்தின் மண்தரை ஓரளவு குளிர்ச்சியானது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று இதழைக் கிழித்துவிடும். கைப்பிடிச் சுவருக்கு உட்புறமாக, சுவரின் உயரத்துக்குக் கீழே வைத்தால் காற்று மேலாகப் போய்விடும்.

உரம்?

மிகக் குறைவாக. தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும், தண்டு முறியும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

செடியைத் தாக்கும் பூச்சிகளும் நோய்களும் எவை?

அசுவினி, நத்தை, வேரழுகல் ஆகிய மூன்றுதான் முக்கியமானவை. அசுவினி மொட்டின் கழுத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும்; பூத்த பின் தெளிக்காதீர்கள், பாப்பியின் மகரந்தத்துக்குக் காலையில் தேனீக்கள் வரும். மழைக்காலத்தில் பெருகும் நத்தைகளை இரவில் விளக்கோடு போய்க் கையால் பொறுக்குவதே உறுதியான வழி. இலையின் மேல் மஞ்சள் திட்டும் அடியில் சாம்பல் பூஞ்சையும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்த இலைகளை நீக்கி, செடிகளுக்கிடையே காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். வேரழுகல் வந்த செடிக்கு மருந்து தேடுவதில் பயனில்லை.

காலையில் பூத்தது மதியமே உதிர்ந்துவிடுகிறதே?

ஷெர்லி பாப்பியின் பூ குளிர்ந்த நாட்டிலும் ஓரிரு நாட்களே நிற்கும். நம் மாசி வெயிலில் அரைநாள்தான். மயிரடர்ந்த மொட்டு முதலில் தலைகவிழ்ந்து தொங்கும். பூப்பதற்கு முந்திய நாள் கழுத்து நிமிரும். விடியற்காலையில் இரண்டு புல்லிகளும் பிளந்து கீழே விழ, கசங்கிய பட்டுத்துணியாய் இதழ்கள் வெளிவந்து, அரைமணி நேரத்தில் மடிப்பு நீங்கி விரியும். இதைப் பார்க்க ஆறு மணிக்கே மாடிக்குப் போக வேண்டும். எட்டு மணிக்கு எழுபவர்களுக்கு இந்தச் செடி அவ்வளவாகப் பயன்படாது.

அறையில் வைக்க விரும்பினால், மொட்டு பிளந்து நிறம் ஒரு கோடாகத் தெரியும் நிலையில் காம்பை நறுக்கி, வெட்டிய நுனியைச் சில நொடிகள் தீக்குச்சிச் சுடரில் காட்டிக் கருக்கிவிட்டு நீரில் வையுங்கள். பால் வடிவது நின்று, பூ கூடுதலாக ஒரு நாள் நிற்கும். ஐஸ்லாந்து பாப்பிக்கு இம்முறை மிக நன்றாகப் பொருந்தும். உதிர்ந்த பூவின் காயை அன்றன்றே கிள்ளிவிட்டால் புதிய மொட்டுகள் வந்துகொண்டிருக்கும்.

விதையைச் சேமித்து அடுத்த ஆண்டு விதைக்கலாமா?

ஷெர்லிக்கும் கலிபோர்னியாவுக்கும் செய்யலாம். பருவத்தின் இறுதியில் சில காய்களைக் கிள்ளாமல் விடுங்கள். ஷெர்லியின் காய் பழுத்ததும் அதன் மூடிக்கு அடியில் வரிசையாகச் சிறு துளைகள் திறக்கும். கடற்காற்று ஆட்ட ஆட்ட விதை கொட்டிவிடும் என்பதால் முன்னதாகவே மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். கலிபோர்னியாவின் நீண்ட காய் பட்டென்று வெடித்துத் தெறிக்கும். நம் காற்றின் ஈரப்பதம் விதைக்குப் பகை. வறுத்து ஆறவைத்த அரிசி சிறிது போட்ட கண்ணாடிப் புட்டியில் அடைத்து, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஷெர்லியின் நிறங்கள் அடுத்த தலைமுறையில் கலந்துதான் வரும்.

சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் பிரமதண்டும் பாப்பிதானா?

ஆம், அதே குடும்பம்தான். மெக்சிகோவிலிருந்து வந்து இங்கே தானாகப் பரவிய களை. முள் இலையும் மஞ்சள் பாலும் அடையாளங்கள். எந்தப் பராமரிப்பும் இல்லாமல் தரிசில் இவ்வளவு அழகாகப் பூக்கிறதே, தொட்டியில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். இதன் விதை நஞ்சு. கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்ததால் 1998இல் தில்லியில் உடல்வீக்க நோய் பரவி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடுகைப் போலவே தோன்றும் விதையைச் சமையலறைக்குப் பக்கத்தில் விளைவிப்பது அறிவுடைமையாகாது.

மற்ற பாப்பிகளால் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் தீங்கு உண்டா?

எல்லாப் பாப்பிகளின் சாற்றிலும் ஆல்கலாய்டு எனப்படும் வேதிப்பொருள் ஏதேனும் ஒன்று உண்டு; உள்ளே போனால் தீங்கு செய்யலாம். நாய், பூனை, ஆடு மேயாத உயரத்தில் வையுங்கள். காயைக் குழந்தைகள் வாயில் வைக்கவிடாதீர்கள். கை வைத்தியமாக எதையும் கஷாயம் போட வேண்டாம்.

சித்திரை பிறந்ததும் செடியை என்ன செய்வது?

பங்குனி நடுவிலேயே ஷெர்லி மஞ்சளாகிவிடும்; அதை வெட்டி மட்கில் போட்டுவிடலாம். கலிபோர்னியா பாப்பியைத் தரையோடு வெட்டி நிழலில் வைத்தால், சில செடிகள் மீண்டும் தளிர்ப்பதுண்டு, பெரும்பாலானவை தளிர்ப்பதில்லை. காலியான தொட்டியின் மண்ணை அப்படியே வெயிலில் பரப்பி ஒரு வாரம் காயவிட்டு, அதில் பத்துமணிப் பூ என்றும் டேபிள் ரோஸ் என்றும் சொல்லப்படும் செடியின் தண்டுகளை ஒடித்து ஊன்றுங்கள். அதே மணற்பாங்கான கலவை அதற்கும் ஏற்றது. மெல்லிய இதழும் பளிச்சென்ற நிறமும் அதற்கும் உண்டு. கத்திரி வெயிலிலும் வாடாமல் டிசம்பர் வரை அந்தத் தொட்டியை அது பார்த்துக்கொள்ளும்.